ஊச்-தாஷில் எண்ணாத ஆடுகள்

அன்பு மகள் கனிஷாய்க்கு,

உன் அப்பா ஓமுர்ஸாக் எழுதுவது. வீட்டில் இருப்பவர்களும் பட்டியில் இருப்பவையும் நலம். அங்கே பிஷ்கெக்கில் நீயும், உன் அறைத் தோழி பெர்மெத்தும், நீங்கள் இருவரும் கண் கெடக் கெட உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கணினியும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைத் தேடினான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவாள், அப்புறம் நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நாலு வார்த்தை சொல்வாள், நான் சொல்ல வந்தது நடுவில் எங்கேயோ போய்விடும். போதாக்குறைக்கு நீ பதினோரு நாளாக போனையே எடுக்கவில்லை. அப்பா கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் போக்கத்தான் இதை எழுதுகிறேன், ஆனால் எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் ஊர்ச் செய்தி. நூருஸ் பண்டிகை முடிந்தும் பனி விடவில்லை, முந்தாநாள் கூட முழங்கால் அளவு விழுந்தது. ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன, குளிரில் விறைத்த இரண்டு குட்டிகளை அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம், அவை சமையலறை முழுக்கத் தடுமாறி நடந்துகொண்டு உன் அம்மாவிடம் திட்டு வாங்குகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்து தடவிக்கொள் என்றால் தடவிக்கொள்வதில்லை, வலி வலி என்று சொல்வதை மட்டும் நிறுத்துவதில்லை. நூருஸுக்கு நீ வராததால் பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து முளைக்கோதுமையைக் கிண்டும்போது அவள் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. கேட்டால் தொண்டை சரியில்லை என்றாள். உனக்கென்று ஒரு ஜாடியில் எடுத்து வைத்தாள், அது புளித்துப்போய் நேற்றுதான் கொட்டினோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் நீயும் பெர்மெத்தும் பட்டப்படிப்பின் களவேலைக்காகக் கையில் அந்த ஜிபிஎஸ் கருவியோடு நம் ஊச்-தாஷ் மேய்ச்சலுக்கு வந்து மூன்று வாரம் சுற்றினீர்களே, எல்லைக் கல், ஓடை, ஊற்று, ஆடு போகும் தடம் ஒன்றையும் விடாமல் குறித்துக்கொண்டீர்களே, அதை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று ஊரில் யாருக்கும் புரியவில்லை. நீதான் அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னாய்: புல்லுக்கு ஒரு படம், தண்ணீருக்கு ஒரு படம், ஆட்டுக்கு ஒரு படம் என்று தனித்தனியாகப் போட்டு, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்போம், எங்கே புல் தாங்கும் எங்கே தாங்காது என்று தெரிந்துவிடும் என்று. அவள் உடனே கத்தமா ரொட்டியைப் போல அடுக்கடுக்காக என்று சொல்லி ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் விளக்கிவிட்டாள். பிறகு கூடாரம் கூடாரமாகப் போய் யாருக்கு எத்தனை ஆடு என்று கேட்டு எழுதினீர்கள். நம் கூடாரத்துக்கு வந்தபோது பெர்மெத் நோட்டைப் பிரித்து, பாவம், நகரத்துப் பிள்ளை, மரியாதையாக, "மாமா, உங்களுக்கு எத்தனை ஆடுங்க?" என்று கேட்டாள். நான், "அறுபது" என்றேன். சொன்ன அந்த நேரத்தில்தானா நம் மந்தை மேட்டிலிருந்து இறங்கி வர வேண்டும். இறங்குகிறது, இறங்குகிறது, முடிந்தபாடில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதெல்லாம் யாரோடது மாமா?" என்று கேட்டாள். "பக்கத்துக் கூடாரத்து ஆடும் கலந்து வருதும்மா" என்று கூசாமல் சொன்னேன். நோட்டு உன் கைக்கு வந்தது. நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு அறுபது என்று எழுதினாய்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? மந்தையை வாய்விட்டு எண்ணினால் கண் பட்டுவிடும், ஓநாய் காதில் விழும் என்று நம்முடைய ஆட்கள் பாதியைத்தான் சொல்வார்கள். கண்ணேறு பாதிக் காரணம்தான். தலைக்கு இவ்வளவு என்று மேய்ச்சல் கட்டணம் இருக்கிறதே, அது மீதிக் காரணம். நான் மூன்றில் ஒன்றைத்தான் சொன்னேன், ஆகவே ஊரில் மற்றவர்களைவிட எனக்குக் கண்ணேறு பயம் அதிகம் என்று வைத்துக்கொள். எல்லா வீட்டிலும் இதே கதைதான், ஷெர்ஷென் நாற்பது என்றான், அவன் பட்டியில் நூற்றுப்பத்து நிற்கிறது. இப்படிச் சொன்ன பொய்யையெல்லாம் சேர்த்து நீங்கள் கணினியில் போட்டால் அது என்ன செய்யும், ஊச்-தாஷ் முழுவதையும் பச்சையாகக் காட்டிவிட்டது. இலையுதிர் காலத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்பினாய், மேய்ச்சல் கமிட்டித் தலைவர் கதிராலி அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டினார், அடியில் உன் பெயர் இருந்தது, நான் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறைக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவனும் அதைப் பார்த்தான். நிலம் இவ்வளவு இருக்கிறது, ஆடு கொஞ்சம்தான் இருக்கிறது, புல் மிச்சம் ஆகிறது, அப்படியானால் இந்த மே மாதத்திலிருந்து ஊச்-தாஷில் பாதியைக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரியில் நீ போன் செய்தது அதற்காகத்தான். பத்து வருடக் கோடைக்கும் வானத்திலிருந்து எடுத்த படங்களைப் போட்டுப் பார்த்தோம் அப்பா, ஜூலை பாதிக்குள் புல் தீர்ந்துபோகிறது, ஓடைக்கரை வருடா வருடம் மொட்டையாகிக்கொண்டே வருகிறது, நோட்டில் இருக்கிற ஆடுகள் இவ்வளவு தின்றிருக்கவே முடியாது என்று சொன்னாய். பெர்மெத், "வேற ஊர்க்காரங்க யாரோ திருட்டுத்தனமா மேய்க்கிறாங்கடி, புகார் குடுக்கலாம்" என்று குதித்தாள் என்றும் சொன்னாய், நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. "அப்பா, நம்ம ஆடு நிஜமா எத்தனைன்னு நீங்களே கமிட்டியில சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா மத்தவங்களும் சொல்லுவாங்க" என்று நீ கேட்டாய். எனக்குச் சுள்ளென்று வந்தது. "நீ உன் படத்தைப் பாரு, என் ஆட்டை நான் பாத்துக்கறேன்" என்று போனை வைத்துவிட்டேன். மாவட்டக்காரர்கள் போடும் திட்டம் எதுவும் இதுவரை நம் ஊர்வரை நடந்து வந்ததில்லை, இதுவும் வழியிலேயே உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். நீ மறுபடியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் கத்தியிருப்பேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மாவட்டக்காரன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான், ஊர் முழுக்க வந்திருந்தது, பெண்கள் பின்வரிசையில், அம்மாவும் அங்கேதான். ஊச்-தாஷில் பாதி போகப்போகிறது என்று அவன் படித்ததும் ஒரே கூச்சல். எங்க புல்லை எவனுக்குடா குடுக்கற என்று ஆளாளுக்கு எழுந்தார்கள், நானும் எழுந்தேன், சத்தமாகத்தான் பேசினேன். அவன் கோபப்படவே இல்லை. சுவரில் உன் பச்சைப் படத்தைக் காட்டி, "பெரியவங்களே, ஆட்டுக் கணக்கு நீங்க சொன்னது. நாங்க வந்து எண்ணல. உங்க ஊருக்கு இந்தப் புல் அதிகம்னு உங்க வாயாலதானே சொல்லியிருக்கீங்க" என்றான். சொந்த வாயால் சொந்த மேய்ச்சலைத் தூக்கிக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கதிராலி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதமும் புதுப் படமும் நேற்று வந்திருக்கிறது என்று ஒரு உறையைப் பிரித்தார். உறையின் மேல் உன் கையெழுத்து.

அவர் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார், உனக்குத் தெரியுமே, அன்று அது எனக்கு நரகமாக இருந்தது. "ஓமுர்ஸாக்கின் ஆடுகள் அறுபது அல்ல, நூற்று எண்பத்தாறு. போன கோடையில் மந்தை பாலத்தைக் கடக்கும்போது நான் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு ஆட்டின்மேலும் ஒரு புள்ளி வைத்து எண்ணினேன்." இப்படி எழுதியிருந்தாய். வேறு யார் பெயரும் இல்லை. ஊரில் இத்தனை பேர் இருக்க, உன் அப்பன் பெயர் ஒன்றுதான். பொய் சொல்ல மாட்டேன் கனிஷாய், அந்த நிமிஷம் நீ எதிரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ எனக்கே தெரியாது. காது இரண்டும் எரிந்தன. எழுந்து வெளியே போய்விடலாம் என்று தொப்பியைக்கூடத் தலையில் வைத்துவிட்டேன். கதிராலி அடுத்த வரியைப் படித்தார். நம் வீட்டு ஆடு அறுபதுக்கு மேல் என்று தெரிந்தேதான் அறுபது என்று எழுதினேன், முதல் படம் தவறாகப் போனதற்கு ஊரார் காரணமல்ல, நான்தான் காரணம், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், என்று இருந்தது. அவ்வளவுதான். நான் சொல்லித்தான் எழுதினாய் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. என் பொய்யை உன் பிழையாக்கி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தாய். நான் தொப்பியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஷெர்ஷெனுக்கு வாய் சும்மா இருக்குமா? "பொம்பளப் புள்ளையப் பட்டணத்துக்கு அனுப்பினா இதுதான் வரும். என் வீட்டு நாய்கூட வெளியாளைப் பாத்துத்தான் குரைக்கும்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து உன் அம்மா எழுந்தாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. ஷெர்ஷெனை அவள் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "என்னங்க, உங்க வாயில வந்த அறுபதைப் புள்ள எழுதுச்சு. இப்ப புள்ள எழுதினதை உங்க வாயால சொல்லுங்க" என்றாள். முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. நான் எழுந்து நின்றேன். முதலில் ஷெர்ஷெனிடம், "அவ குரைக்கல. நான்தான் அவ வாயைக் கட்டி வெச்சிருந்தேன், அவளே அவுத்துக்கிட்டா" என்றேன். பிறகு மாவட்டக்காரனிடம், "எம்பொண்ணு கணக்குத் தப்பு, தம்பி" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நூத்தி எண்பத்தாறு இல்ல. நூத்தித் தொண்ணூத்தி நாலு. அன்னிக்குக் கீழ்ப் பட்டியில எட்டு கால் நொண்டிக்கிட்டு கெடந்துச்சு, அது படத்துல விழல" என்று சொன்னேன். இத்தனை வயதில் என் மந்தையின் கணக்கை முழுதாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு ஓநாயும் வரவில்லை, கூரையும் விழவில்லை.

பிறகு கதிராலி, அவருக்கும் எனக்கும் பத்து வருடமாக ஆகாது என்பது ஊரறிந்தது, அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுதிக்கோங்க, எனக்கு இருநூத்திப் பத்து, தொண்ணூறுன்னுதான் சொல்லியிருந்தேன்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒரு கட்டத்தில் அதுவே போட்டியாகிவிட்டது, சும்மா இருந்தவன்கூடத் தன்னை ஏழை என்று நினைத்துவிடுவார்களோ என்று எழுந்து சொன்னான். ஷெர்ஷென் கடைசியில்தான் எழுந்தான், நூறு என்றான், பின்வரிசையிலிருந்து அவன் பெண்டாட்டி, "நூத்திப்பத்து" என்று திருத்தினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருந்த ஊர்க் கணக்கு சாயங்காலத்துக்குள் ஐயாயிரத்து நானூறு ஆகிவிட்டது. மாவட்டக்காரன் தலையைச் சொறிந்துகொண்டு உன் புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தான், ஓடைக்கரையெல்லாம் சிவப்பு, மேலே மஞ்சள். ஊச்-தாஷைப் பங்கு போடுவது இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டான். ஆனால் வாய்க்கணக்கு இனி வேண்டாம், மே மாதம் மந்தைகள் மேலே ஏறும்போது அந்தக் குறுகிய பாலத்தில் நின்று மாணவர்களே எண்ணட்டும், அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு என்றான்.

இதெல்லாம் நமக்கு நல்லது மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. கட்டணம் ஏறும். சிவப்பாகக் காட்டிய ஓடைக்கரையில் இந்தக் கோடை முழுக்க ஒரு ஆடும் இறங்கக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள், அப்படியானால் மந்தையை மேல்சரிவுக்குத்தான் ஓட்ட வேண்டும், தண்ணீருக்கு ஒரு மணி நேர நடை. உன்னைத் திட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள், உன்னிடம் மறைக்க மாட்டேன். மேல்சரிவுக்கு முதலில் யார் போவது என்று கேட்டபோது நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு வீட்டுக்கு வந்து என் செருப்பைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன் என்பதும் உண்மை. அந்தக் கரையில் புல் குறைந்துகொண்டே வந்தது என் கண்ணுக்கும் தெரிந்ததுதான் மகளே. தெரியும், ஆனால் அடுத்தவன் ஆடுதான் தின்கிறது என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டோம்.

போன வியாழக்கிழமை பெர்மெத் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டாள், நான்தான் எடுத்தேன், அம்மா பக்கத்தில் இருந்தாள். உனக்குத் தெரியாமல் செய்தாளாம், அவளைத் திட்டாதே. "மாமா, அவ இந்த ஜூன்ல பட்டம் வாங்கமாட்டா. தான் எழுதினது பொய்க் கணக்குன்னு அவளே வாத்தியார்கிட்ட போய்ச் சொல்லிட்டா. மறுபடி களவேலை பண்ணி இலையுதிர் காலத்துலதான் குடுக்க முடியும். சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது மாமா" என்று அழுதாள். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜூன் மாத விருந்துக்கு அம்மா பாதி ஊரை அழைத்தாகிவிட்டது, வெட்ட வேண்டிய ஆட்டைக்கூடத் தனியாகக் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருக்கிறாள். போனை வைத்ததும் அவள் நேரே போய் அந்த ஆட்டை அவிழ்த்து மந்தையோடு விட்டுவிட்டு வந்து, "இன்னும் நாலு மாசம் கொழுக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எழுந்து பட்டிக்குப் போய் ஆடுகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை கனிஷாய். பெண்ணை முகத்துக்கு நேரே புகழ்வது நம் வீட்டில் வழக்கம் இல்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன்: உன்னைப் பெற்றதில் எனக்குப் பெருமை. அப்பனுக்காகப் பொய் எழுதியது உன் தப்பு இல்லை, அது என் தப்பு. அதை நீ திருத்தியது உன் சொந்தப் படிப்பு, அதில் எனக்குப் பங்கில்லை.

இனி அம்மா சொல்லச் சொன்னவை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெறும் வயிற்றோடு கணினி முன்னால் உட்காராதே, சாயங்காலத்தில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, மருந்துக்கடைக்காரனிடம் கண்ணுக்குச் சொட்டுமருந்து கேட்டு வாங்கிக்கொள். மினிபஸ் ஓட்டுநரிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறோம், அதில் ஆட்டு இரைப்பையில் கட்டிய மஞ்சள் வெண்ணெயும், தயிரை உருட்டிக் காயவைத்த குருத்து ஒரு துணிமுடிச்சும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் இருக்கின்றன, ஒரு ஜோடி பெர்மெத்துக்கு. குருத்தைக் கடிக்காமல் வாயில் ஊறவைத்துத் தின்னச் சொல், போன கோடையில் அந்தப் பெண் கடித்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறது. உன் வாத்தியாரிடம் எங்கள் சலாமைச் சொல். இந்தப் படிப்பில் மரியாதை எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் உன்னை முழுதாகத் தள்ளிவிடாமல் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார், நல்ல மனுஷராகத்தான் இருக்க வேண்டும்.

மே இருபதுக்குள் வந்துவிடு, அதற்குப் பிறகு மந்தைகள் காத்திருக்காது. பெர்மெத்தையும் இன்னும் எத்தனை பேரை முடியுமோ அத்தனை பேரையும் கூட்டி வா, எல்லோருக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு, அம்மா சொல்லிவிட்டாள். முதல் மந்தை நம்முடையதாகத்தான் பாலத்தில் ஏறும், நான் கதிராலியிடம் பேசிவிட்டேன். உன் வழி வெள்ளையாக இருக்கட்டும், உன் கண்ணும் கையும் சோராதிருக்கட்டும், நீ போகிற இடத்தில் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் கையேந்தி வேண்டிக்கொள்கிறோம். இன்றைக்கே போன் செய், நான் எடுக்கிறேன், ஒலிபெருக்கி போட விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா ஓமுர்ஸாக்
மார்ச் 29

இன்று காலை புதுக் குட்டிகளோடு எண்ணியது: இருநூற்று இருபத்தொன்பது. அடுப்படியில் கிடக்கும் குட்டிகள் இரண்டும் பிழைக்குமா என்று இன்னும் தெரியவில்லை, இருந்தாலும் அவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எழுதிக்கொள்.